ஒத்திகை மணி

கொழும்பிலிருந்து வந்த நிலநடுக்கப் பாதுகாப்பு அதிகாரி குணரத்தினம், தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் துரைக்கும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குக்கும் இங்கிலீசில் நெடுநேரம் விளக்கினார். மணி அடித்ததும் சனங்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதுதான் ஒத்திகை.

"ஞாயிற்றுக்கிழமை. சனம் வருமோ?" என்று கேட்டார் அதிகாரி.

"மணி அடிச்சா வந்துருவாங்க சார்," என்றார் கண்டாக்கு.

மணி அடித்தது. அதிகாரி சுருட்டைப் பற்றவைப்பதற்குள் லயம் காலியாகிவிட்டது. கைப்பிள்ளைக்காரிகளும், சாப்பிட்ட கையைக் கழுவாதவர்களும்கூட மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். பெண்களின் முதுகில் கூடை தொங்கியது.

"கூடையைக் கவிழ்த்தால் தலை தப்பும். என்ன புத்தி," என்று வியந்தார் அதிகாரி.

"அப்ப சுவர் வெடிச்ச லயத்தையெல்லாம் இடிச்சுக் கட்டணுங்களா சார்?" என்று கேட்டார் கண்டாக்கு.

"இவ்வளவு கெதியா வெளியில வாற சனத்துக்கு நல்ல சுவர் எதுக்கு?"

கண்டாக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் துரை அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

அதிகாரி முன்வரிசையில் கூடையோடு நின்ற பேச்சாயியிடம் போனார்.

"நிலம் நடுங்கினாலும் இப்பிடித்தானே ஓடி வருவீங்கள்?"

பேச்சாயி விழித்தாள். "நெலம் நடுங்குமாங்க?"

"அப்ப இப்ப ஏன் ஓடி வந்தனீங்கள்?"

"வேலைக்குக் கூப்புடுற பெரட்டு மணி அடிச்சிச்சுங்களே. பிந்தி வந்தா வெரட்டிருவாங்க." கூடைக் கயிற்றைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "லீவு நாள்லயும் கூப்புட்டுட்டீங்க. எந்த மலையில கொழுந்து எடுக்கணும்னு சொல்லுங்க ஐயா, போறோம்."