பட்டமளிப்பு மேடை

கல்வி அமைச்சருக்குக் கௌரவ டாக்டர் பட்டம். அவரது சாதனைகளை மேடையில் வாசித்தவர் பல்கலைக்கழகப் பதிவாளர் மரகதவல்லி. "மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர், பதினோரு ஆண்டுகள் அமைச்சர்" என்பதுவரை வாசித்துவிட்டார். "கல்விக்கண் திறந்தவர்" என்ற வரி வந்ததும் நிறுத்தினார். தாளை மடித்துவிட்டு, அமைச்சர் கையெழுத்துப் போட்டு மூடிய பள்ளிகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதலில், தான் படித்த பூதிமலைப் பள்ளி. பிறகு கருங்காடு, ஏழாம்பட்டி, நரிக்கல்.

"மைக்கை ஆஃப் பண்ணுய்யா!" என்று அமைச்சரின் உதவியாளர் கத்தினார்.

மைக் அடங்கியது. மரகதவல்லி இன்னும் உரக்கச் சொன்னார்.

அமைச்சர் எழுந்து அருகே வந்தார். "கருங்காட்டுல நான் வாத்தியாரா இருந்திருக்கேம்மா. அதையுமா மூடிட்டாங்க?"

"மூடிட்டாங்க இல்ல சார்," மரகதவல்லியின் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "மூடினீங்க."