முழு அனுமதி

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. இந்தக் கோப்பை இந்த மெஷினில் இயக்க முடியாது.

"வேற சிப்புக்கான ஃபைலை இறக்கிட்டீங்க மேடம். இடது காலுக்கு வலது செருப்பை மாட்டின மாதிரி" என்று சிரித்தார் சார். "அழிச்சிட்டு மறுபடி இறக்குங்க."

அவள் அழித்தாள்.

கம்பெனியின் மென்பொருள் முழுவதும் கன்டெய்னர் என்ற சின்னச் சின்னப் பெட்டிகளாக எங்கெங்கோ இருக்கும் சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனையையும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆட்டிவைப்பது அவள் இப்போது இறக்கிக்கொண்டிருந்த இந்த டூல்தான். அலுவலகத்தில் அதன் நெளிவு சுளிவு தெரிந்தவர் சார் ஒருவர்தான்.

சார் என்பது அலுவலகத்துக்கு. வீட்டில் அவர் அவளுக்கு அத்தான். அக்காவின் கணவர்.

ஒரே டீமில் சொந்தக்காரர்கள் இருக்கக்கூடாது என்பது கம்பெனியின் சட்டம். அதனால் காலையில் ஒரே பைக்கில் கிளம்பி, ஒரு தெரு முன்னாலேயே அவள் இறங்கிக்கொள்வாள். உள்ளே வந்ததும் அவர் மேடம் என்பார், அவள் சார் என்பாள். அதைச் சொல்லிச் சொல்லியே அக்கா இருவரையும் ஓட்டுவாள்.

இன்று அந்த விளையாட்டு கசந்தது.

வந்ததும் வராததுமாக மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். டீமில் ஒருவரைக் குறைக்கிறார்கள். அந்த ஒருவர் சார்தான். மத்தியானத்துக்குள் அவள் லேப்டாப்பில் டூலைப் போட்டு, அவரிடமே கற்றுக்கொண்டு, பிறகு கிளஸ்டர் என்கிற அந்த சர்வர் கூட்டத்தில் அவருக்கு இருக்கும் அனுமதியை அவளே எடுத்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவரிடம் விஷயத்தைச் சொல்வார்களாம். அதுவரை மூச்சு விடக்கூடாது. முடியாது என்றால் இருவரையும் அனுப்பிவிட்டு வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு சம்பளமாவது வீட்டுக்கு வரட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

புதுக் கோப்பு இறங்கியது. அதுவும் ஓடவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்றது.

"இறக்கின ஃபைல் தானா ஓடாது மேடம். ஓடலாம்னு நாமதான் சொல்லணும். எங்க வீட்டுப் பசங்களுக்குத்தான் அந்த அனுமதியெல்லாம் தேவையில்லை."

அந்தப் பசங்களை இன்று காலை குளிப்பாட்டிவிட்டதே அவள்தான். சிரிக்க முயன்றாள், வரவில்லை.

ஓடலாம் என்று சொன்னாள். சரியான ஃபோல்டருக்கு மாற்றினாள். என்ன வெர்ஷன் என்று கேட்டதற்கு டூல் ஒழுங்காக ஓர் எண்ணைச் சொன்னது. சார் கை தட்டினார்.

கிளஸ்டருக்குள் நுழைய ஒரு சாவிக் கோப்பு வேண்டும். அவளுக்கென்று இன்னும் ஒன்று இல்லை. சார் தன்னுடையதையே அவள் மெஷினில் போட்டார். யாரும் செய்யக்கூடாத காரியம் அது. பாதுகாப்பு வகுப்பில் முதல் பாடமே அதுதான். அவசரத்தில் எல்லோரும் செய்வதும் அதையேதான்.

"இப்போதைக்கு கிளஸ்டரைப் பொறுத்தவரை நீங்களும் நான்தான்" என்றார்.

அவருடைய சாவியை வைத்தே அவளுக்கு ஒரு சாவி செய்யச் சொல்லிக்கொடுத்தார். பார்க்க மட்டும் அனுமதி என்று அடித்தாள். அவர் அந்த வரியை அழிக்கச் சொன்னார்.

"முழு அனுமதி போடுங்க. பாதியை வச்சுக்கிட்டு, நாளைக்கு ஏதாவது நின்னுபோச்சுன்னா யார்கிட்ட போய் நிப்பீங்க?"

போட்டாள்.

கடைசியாக, இருப்பதை எப்படி நீக்குவது என்று காட்டினார். இந்த டூல் நிச்சயமா என்று ஒரு தடவைகூடக் கேட்காது, அடித்தால் அடித்ததுதான் என்று எச்சரித்தார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கீழே போய் காபி வாங்கி வருவதாகவும், கூட்டமாக இருக்கும், வர நேரமாகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தனியாக இருந்தாள்.

அக்காவுக்கு போன் செய்யலாமா என்று எடுத்தாள். என்னவென்று சொல்வது? கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் அக்காதான் கதவைத் திறப்பாள். இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிடுவாரோ என்று தும்மியவள் போல மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நீக்கும் கட்டளையை அடித்தாள். அவருடைய பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். அதில் ஓர் எழுத்தாவது தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எல்லாம் சரியாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தான்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு எண்டரைத் தட்டினாள்.

நீக்கப்பட்டது என்று வந்தது. அவ்வளவுதான். விளக்கு அணையவில்லை, ஏசி சத்தம்கூட மாறவில்லை.

எப்போது வந்தாரோ, மேனேஜர் பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"பரவாயில்லையே, சொன்ன உடனே முடிச்சிட்டீங்க. போன வாரம் அவர்கிட்ட டீம் லிஸ்ட்லேர்ந்து உங்க பேரைத்தான் எடுக்கச் சொன்னேன். 'அந்தப் பொண்ணு மேல கை வைக்காதீங்க, வேணும்னா என் பேரை எடுத்துக்கோங்க'ன்னுட்டு எழுந்து போயிட்டார். யாரோ ஒருத்தருக்காக எதுக்கு அவ்வளவு கோபப்பட்டார்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியலை."