அசலைப் பார்த்து

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு மட்டும் பெற்றோர் நேரில் வந்து, ஆசிரியை முன்னால்தான் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடவேண்டும். நித்திலாவின் பள்ளிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை. அரசு அதிகாரி என்பதால் ஊரார் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் நகல்களில் பச்சை மையில் சான்றொப்பம் இடுகிறவன் நான். அசலைப் பார்க்காமல் ஒன்றில்கூடப் போட்டதில்லை. மகளின் கார்டிலும் வழக்கம்போலப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஆசிரியை அதையும் மேலே இருந்தவற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகலையே. நீங்க நித்திலாவோட அப்பாதானே சார்?"

மேலே மூன்று கையெழுத்துகள் இருந்தன. மூன்றும் பச்சை மையில். என் பெயரை ஓர் எழுத்து விடாமல் எழுதி, அடியில் கோடு இழுத்து, கோட்டின் முடிவில் புள்ளி வைத்திருந்தது. என்னுடையது வெறும் கிறுக்கல். மறைக்கிற மாதிரி மதிப்பெண்ணும் இல்லை. காலாண்டில் கணக்கில் தொண்ணூற்றாறு. அதுவே எனக்கு அப்போதுதான் தெரியும். நித்திலா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பேனா சரியில்ல மேடம். மறுபடி போடுறேன்."

கிறுக்கலை அடித்துவிட்டு, மேலே இருந்ததைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். கோடும் இழுத்தேன். பேனாவை மூடப்போகும்போது நித்திலா அருகில் வந்து, கோட்டின் முடிவில் விரலை வைத்தாள்.

"புள்ளிப்பா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.