மெழுகு இறுகும் நேரம்

பக்கத்தில் யார் பேசினாலும் ரூபனின் மின்கிடார் அதையும் ஸ்பீக்கரில் ஒலிக்கவைத்தது. கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் பிக்கப்பைக் கழற்றி உருகிய மெழுகில் முக்கினால் அந்தத் தொல்லை தீரும். அவன் சமையலறையில் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தான். ஒன்பது நாளாக அவன் முகங்கொடுத்துப் பேசாத மனைவி மேகலா, கூடத்தில் ஸ்பீக்கரோடு இணைத்தபடியே தனியாகக் கிடந்த கிடாரிடம் குனிந்து, "உன்கிட்டயாவது எதுக்குக் கோபம்னு சொன்னாரா?" என்று கிசுகிசுத்தாள். கேள்வி கிணற்றுக்குள்ளிருந்து எழுவதுபோல் பெருகி, வீடெங்கும் மிதந்து, ஜன்னல் திரையை அசைத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ரூபன் மெழுகுக் கிண்ணத்தோடு வந்தான். அதைத் தரையில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கிடாரின்மேல் குனிந்தான். கிண்ணத்தில் மெழுகு மெல்ல வெளுத்து இறுகியது. வெகுநேரம் கழித்து ஸ்பீக்கர் அவன் குரலில் தொண்டையைச் செருமிக்கொண்டது.