கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை

மத்தியான வெயில் கம்பிச் சன்னல் வழியாக விழுந்து ஆஸ்பத்திரித் தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை காற்றோடு வருகிறது. மாயக்காள் கட்டிலை விட்டு இறங்கி நிற்கிறாள். சிறுநீரகம் கெட்டு உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டதிலிருந்து, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. புருஷன் மூக்கையா எனாமல் பெட்பேனை நீட்டுகிறான். "இதுலயே வெளிக்கி இருந்துரு புள்ள. யாரு பாக்கப் போறா?" அதன் விளிம்பில் காய்ந்திருக்கும் மஞ்சள் கறையைப் பார்த்ததும் அவளுக்குக் குமட்டுகிறது. "செம்பட்டிச் சந்தைக்குக் கடலை மூட்டையச் சொமந்து நடந்தவ நான். தள்ளுய்யா."

சுவரைப் பிடித்தபடி நடக்கிறாள். கால் தோலில் கசியும் நீர் தரையில் ஈரத் தடமாகப் பதிய, அதில் ஈ வந்து உட்காருகிறது. மூச்சு வாங்குகிறது. தன் மூச்சிலேயே மூத்திர வாடை அடிப்பதால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். இந்த உடம்பைப் பழந்துணியாய் அவிழ்த்துப் போட முடிந்தால் இங்கேயே போட்டுவிடுவாள்.

கக்கூஸ் கதவைத் தள்ளுகிறாள். யாரோ தண்ணீர் ஊற்றாமல் போயிருக்கிறார்கள். பினாயிலையும் மீறி நாற்றம் முகத்தில் அறைகிறது. மூக்கையா வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். "இதுக்குத்தானா இம்புட்டுத் தூரம் நடந்த? வா, திரும்பிருவோம்."

மாயக்காள் ஓங்கரித்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நிற்கிறாள். பிறகு மூலையில் இருக்கும் வாளியைச் சாய்த்து எல்லாவற்றையும் கழுவிவிடுகிறாள். "நீ வெளிய நில்லு" என்று கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போடுகிறாள்.