வீட்டுக்கு ஒன்று

எருமையின் கயிற்றை ஒரு பக்கம் கார்த்தோ பிடித்திருந்தார், மறு பக்கம் ஒரு சிப்பாய். எருமை இருவரையும் சட்டை செய்யாமல் அசைபோட்டது.

டச்சுக்காரன் ஆண்ட தீவில் குடியரசு பிறந்து மூன்று வருடம் ஆகியும் அவனோடு சண்டை ஓயவில்லை. படைக்காக வீட்டுக்கு ஒரு எருமை, இல்லாவிட்டால் ஒரு பிள்ளை என்று ஊருக்கு உத்தரவு வந்திருந்தது. உழவன் வயிற்றில் அடிக்க மட்டும் எந்த அரசாங்கத்துக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்று தயாராக நின்றது. எருமை போனால் கார்த்தோவின் வயல் தரிசுதான்.

எருமை பிடிக்க வந்திருந்த குடியரசுப் படை லெப்டினன்ட் சுதிப்யோவிடம் கார்ப்பரல் வந்து, நேற்று ஆற்றுத்துறையில் பிடித்த ஆள் தான் வெறும் விவசாயி என்றே சாதிப்பதாகவும், இல்லையென்று சொல்ல ஆளில்லாததால் விட்டுவிடலாமா என்றும் கேட்டான். பொறு என்றார் சுதிப்யோ.

கார்த்தோ கும்பிட்டார். "என் வீட்டுலேருந்து புள்ளையே போயிட்டான் ஐயா. பாய்மின்னு பேரு. பட்டாளத்துல இருக்கான்."

சுதிப்யோ நிமிர்ந்து பார்த்தார். படைப் பட்டியலில் பாய்மின் என்று ஒருவனும் இல்லை. ஊர்த்தலைவர் மங்குனும் தம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, பாய்மின் விவசாயி என்றுதான் எழுதியிருக்கிறது என்று கையை விரித்தார்.

"கல்யாணத்துல பேர் மாத்தினோமே தலைவரே. வந்து சாப்பிட்டுட்டுத்தானே போனீங்க? இப்ப அவன் வீர்யோ."

மங்குன் தலையைச் சொறிந்தார். மணமானதும் சின்னப் பேரைக் களைந்து பெரிய பேர் சூட்டுவதுதான் வழக்கம். அதைப் பதிவேட்டில் ஏற்ற அவருக்குச் சோம்பல்.

சுதிப்யோ பட்டியலை மடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். அதில் வீர்யோ இருந்தான்.

"உங்க மகனுக்கு இடது காது நுனி இருக்காதே, பெரியவரே?"

"இந்த எருமையோட தாய் முட்டினதுங்க." கார்த்தோவின் முகம் மலர்ந்தது. "ஐயா அவனைப் பாத்தீங்களா? நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

பாய்மினும் வீர்யோவும் ஒருவனே என்று எழுதிய தாளில் கார்த்தோ சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தார். சாட்சிக்கு மங்குன் கையெழுத்துப் போட்டார்.

"எருமை இருக்கட்டும். வீட்டுக்கு ஒண்ணு போதும்" என்றார் சுதிப்யோ.

கார்த்தோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே ஓடி, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்து, மகனைப் பார்த்தால் கொடுக்கச் சொல்லி நீட்டினார். சுதிப்யோ மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

வேலியைத் தாண்டியதும் பொட்டலத்தைக் கார்ப்பரலிடம் கொடுத்தார்.

"நேத்துப் புடிச்ச காதறுந்தவன் பட்டாளத்துலேருந்து ஓடின வீர்யோதான். இதைக் குடு, தின்னு முடிச்சதும் சுட்டுடு."