கால் பக்க மெத்தை

விருதுக் கடிதத்தைப் பத்தாவது முறையாகப் படித்துவிட்டு, விஷயத்தைச் சொல்லப் பேராசிரியர் நேராகத் தான் எழுதும் பத்திரிகையின் அலுவலகத்துக்குப் போனார். ‘முடிவைச் சொல்லாமல் வாசகரிடமே விட்டுவிடும் துணிச்சல்’ என்று அவருடைய இருபது வருடக் கட்டுரைகளை நடுவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். அந்தத் துணிச்சலை ஆராய்ந்தே மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்கள். மேடையில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், அவர் தாடியைத் தடவிக்கொள்வார்.

பக்கம் வடிவமைப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சந்தோஷம் சார். எங்கிட்டயும் ஒரு நல்ல சேதி இருக்கு. அடுத்த மாசத்துலேருந்து நம்ம பத்திரிகை இணையத்துல மட்டும்தான். நீங்க எத்தனை பக்கம் வேணா எழுதலாம்.”

பேராசிரியருக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

“அச்சு நிக்குதேன்னு வருத்தமா சார்?”

“அச்சு கிடக்குது விடுப்பா. என் கட்டுரைய என்ன பண்ணுவ?”

“முழுசாப் போடுவேன். இத்தனை வருஷமா மெத்தைக் கடையோட கால் பக்க விளம்பரத்துக்கு இடம் பத்தலன்னு உங்க கடைசிப் பத்திகளை வெட்டிக்கிட்டே இருந்தேன். ஆரம்பத்துல சண்டைக்குக்கூட வந்தீங்க, அப்புறம் ஏனோ விட்டுட்டீங்க. இனிமே அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

“கொஞ்சமாவது வெட்டேன்.”

“மெத்தையே இல்லையே சார், எதுக்கு வெட்டணும்?”

பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“அந்த மெத்தை எத்தனை வரி உயரம்னு மட்டும் எழுதிக் குடுப்பா.”